விளிம்பில் பொறித்த பெயர்: கடற்படைப் பதக்கங்களும் அவற்றுக்குரிய மாலுமிகளும்



மொழியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் போர்க்காலப் பதக்கங்களைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுட் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பதக்கம் என்றவுடன் நம் கண் அதன் முகத்தைத்தான் பார்க்கிறது. அரசரின் தலை, குதிரை வீரன், சிறகு விரித்த வெற்றித் தெய்வம் ஆகியவை இலட்சக்கணக்கான பதக்கங்களில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஒரு பதக்கத்தை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துவது அதன் விளிம்பு. ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த இடத்தில் ஓர் எண், ஒரு பெயர், ஒரு பதவி, ஒரு படைப்பிரிவு என நான்கு செய்திகள் சுருக்கெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அதை ஒரு பனுவலாகவே நான் படிக்கிறேன். கல்வெட்டுப் படிப்போர் எழுத்தமைதி பார்ப்பது போலவும், சுவடிப் பதிப்பாளர் பாடபேதம் பார்ப்பது போலவும் பார்க்கவேண்டிய பனுவல் அது.

முதல் உலகப் போரில் பணிசெய்த பிரிட்டிஷ் மாலுமி ஒருவருக்குப் பொதுவாக மூன்று பதக்கங்கள் வந்து சேர்ந்தன: 1914-15 விண்மீன் பதக்கம், வெள்ளியாலான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், வெண்கல வெற்றிப் பதக்கம். அந்நாள் நாளிதழ் ஒன்றில் வந்த படக்கதையின் நாய், பென்குயின், முயல் ஆகிய மூன்று பாத்திரங்களின் பெயரால் மக்கள் இவற்றைப் 'பிப், ஸ்குவீக், வில்பிரெட்' என்று செல்லமாக அழைத்தனர். அரசு ஒரு பெயரிட, மக்கள் வேறொரு பெயரிடுவது எல்லா மொழிகளிலும் உண்டு.

விளிம்பில் முதலில் வருவது எண். 1908 முதல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தோரின் எண்ணுக்கு முன் ஓர் எழுத்து இடப்பட்டது. 'ஜே' என்றால் கப்பல் தளத்தில் பணியாற்றிய மாலுமி அல்லது செய்தித் தொடர்பாளர். 'கே' என்றால் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்ட ஸ்டோக்கர். 'எல்' என்றால் அதிகாரிகளின் சமையற்காரர், பணியாளர். 'எம்' என்றால் கைவினைஞர் முதலிய பிறர். ஆக, பெயரைப் படிக்குமுன்பே ஒருவர் கப்பலின் மேற்றளத்தில் காற்று வாங்கினாரா, அடித்தளத்தில் வெந்தாரா என்பதை அந்த ஓரெழுத்து சொல்லிவிடுகிறது.

அந்த எண்ணைக் கொண்டு லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஏடிஎம் 188' என்னும் பதிவேட்டு வரிசைக்குச் செல்லவேண்டும். அங்கே ஒருவருக்கு ஒரு பக்கம். பிறந்த ஊர், பிறந்த நாள், முன்னர்ச் செய்த தொழில், உயரம், மயிரின் நிறம், கண்ணின் நிறம், தழும்புகள், பச்சை குத்திய குறிகள், பணிசெய்த கப்பல்கள், ஆண்டுதோறும் அளிக்கப்பட்ட நன்னடத்தைக் குறிப்பு அனைத்தும் அதில் இருக்கும். நிழற்படம் இல்லாத மனிதரை இவ்வளவு நுணுக்கமாக வருணிக்கும் ஏட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. நம் நாவல்களிற்கூட ஒரு துணைப் பாத்திரத்தின் முன்கைப் பச்சையைக் குறிப்பிடுவோர் அரிது.

அந்த ஏட்டுக்கும் தனி மொழி உண்டு. புதிதாக வருவோர் அதில் எளிதில் இடறுவர். 'விக்டரி', 'விவிட்', 'பெம்புரோக்' என்ற பெயர்கள் கப்பல்களின் நிரலில் திரும்பத் திரும்ப வரும். விக்டரியைக் கண்டவுடன் தளபதி நெல்சனின் கப்பலில் தம் பாட்டனார் பணிசெய்ததாக மகிழ்ந்தோர் பலர். அவை போர்ட்ஸ்மவுத், டெவன்போர்ட், சாத்தம் ஆகிய துறைமுகங்களிலிருந்த கரைப் பாசறைகளின் பெயர்கள். கரையில் நிற்கும் கட்டடத்தையும் கப்பலென்றே எழுதுவது அக்கடற்படையின் மரபு. சிங்கப்பூரிலிருந்த தளம் 'சுல்தான்' என்றும், கொழும்பிலிருந்த தளம் 'லங்கா' என்றும் இரண்டாம் உலகப் போரில் அழைக்கப்பட்டன. அவற்றையும் கடலில் தேடக்கூடாது.

பக்கத்தின் இறுதியில் சில சமயம் 'டி டி' என்று இரண்டு எழுத்துகள் காணப்படும். 'இறந்தமையால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்' என்பதன் சுருக்கம் அது. நம் மொழியில் இறப்பைச் சொல்ல மங்கல வழக்குகள் எத்தனையோ உண்டு. கணக்கெழுதுவோர் கண்ட இந்த வழக்கு அவற்றுள் எதிலும் சேராது. 'ஓடினார்' என்ற பொருள்படும் சொல் இருந்தால், அவர் பணியை விட்டுத் தப்பியவர், பதக்கமும் பறிபோயிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. என்னிடமுள்ள வெற்றிப் பதக்கமொன்றின் விளிம்பில் 'ஜே' எண் உள்ளது. அவர் குடும்பத்தார் இன்றும் இருக்கலாம் ஆதலின் பெயரை இங்குக் கூறவில்லை. ஏட்டின்படி அவர் பதினாறு வயதில் சேர்ந்தவர். அதற்குமுன் கடைப் பையன். வலக்கையில் நங்கூரம் பச்சை குத்தியவர். 1916 பிப்ரவரி முதல் அவர் பணிசெய்த கப்பலின் பெயரைப் படித்தபோது என் விரல் அவ்வரியிலேயே நின்றுவிட்டது. அது 'மலாயா'.

இப்போர்க்கப்பலைப் பற்றி இளையோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு ஐக்கிய மலாய் மாநிலங்களின் செலவில் கட்டி பிரிட்டிஷ் கடற்படைக்கு அளிக்கப்பட்ட கப்பல் அது. அம்மாநிலங்களின் வருவாய் ஈயத்திலிருந்தும் இரப்பரிலிருந்தும் வந்தது. பால்மரம் சீவியவர்கள் யாரென்று இந்த அவையில் நான் சொல்லவேண்டியதில்லை. 1916 மே 31 அன்று ஜட்லாந்துக் கடற்போரில் அக்கப்பல்மீது எட்டுக் குண்டுகள் பாய்ந்தன. வலப்புறத்து ஆறங்குலப் பீரங்கி வரிசையில் வெடிமருந்து தீப்பற்றியது. கப்பலில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் பதக்கக்காரர் பிழைத்துக்கொண்டார். அந்த ஆண்டிலும் நன்னடத்தைக் குறிப்பு 'மிக நன்று' என்றே இருக்கிறது. அன்று என்ன கண்டார், யாரை இழந்தார் என்பவற்றுக்கு ஏட்டில் கட்டமில்லை. 1921இல் 'மலாயா' தன் பெயருக்குரிய இத்தீபகற்பத்துக்கு வந்தது. அப்போதும் அவர் அதில் இருந்தார்.

இனிச் சந்தையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். வெள்ளியாலான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் ஏறத்தாழ 6.5 மில்லியன் வழங்கப்பட்டது. 1980ஆம் ஆண்டையொட்டி வெள்ளி விலை திடீரென ஏறியபோது அவற்றுட் பல உருக்கப்பட்டன. மூன்றாக இருந்தவை இரண்டாயின. எஞ்சிய இரண்டும் வேறுவேறு கைகளுக்குப் போயின. ஒரே மாலுமியின் விண்மீன் ஒரு நாட்டிலும் வெற்றிப் பதக்கம் வேறொரு நாட்டிலும் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிரிந்தவற்றைச் சேர்க்க முயல்வோரைச் சேகரிப்பாளருள் மேலானவராக நான் மதிக்கிறேன். புகழ்பெற்ற கப்பலின் பெயருக்காக மட்டும் வாங்கி, விலை ஏறியதும் விற்போரிடம் எனக்கு மதிப்பில்லை.

விலை இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். விளிம்பை அராவிப் பழைய பெயரை நீக்கிப் புதிய பெயரைப் பொறிப்பர். போர்ப் பதக்கத்தின் விட்டம் 36 மில்லிமீட்டர். அராவியதில் அது சற்றுக் குறைந்திருக்கும். எழுத்தின் வடிவும் காட்டிக்கொடுக்கும். உரிய எழுத்து, அச்சால் அழுத்தப்பட்ட அலங்காரமற்ற பேரெழுத்து. கையால் கீறியது அல்ல. இடைச்செருகலைப் பதிப்பாசிரியர் கண்டுபிடிப்பதற்கும் இதற்கும் முறையில் வேறுபாடில்லை.

எல்லாப் பதக்கத்திலும் பெயர் உண்டா என்றால் இல்லை. இதைத் தமிழர் நன்கறிந்த ஒரு கப்பலைக்கொண்டு விளக்குகிறேன்.

'அவன் பெரிய எம்டன்' என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அஞ்சத்தக்கவன், அடங்காதவன், சூழ்ச்சிக்காரன் என்றெல்லாம் பொருள். 2006இல் 'எம்டன் மகன்' என்ற பெயரில் எடுக்கப்பட்ட திரைப்படம், தமிழ்ப் பெயர்களுக்கு வரிவிலக்கு என்றதும் 'எம் மகன்' ஆயிற்று. எம்டனுக்கு அதற்குள் தொண்ணூறு ஆண்டு வழக்கு இருந்தும் தமிழ்க் குடியுரிமை கிடைக்கவில்லை! 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்த ஜெர்மானியக் கப்பலின் பெயர் அது. அடுத்த மாதம் 28ஆம் நாள் விடியலில், போலிப் புகைபோக்கி ஒன்றை நாட்டித் தன்னை வேறு கப்பலாகக் காட்டிக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. 'ஜெம்சுக்' என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. எண்பதுக்கும் மேற்பட்ட ரஷ்ய மாலுமிகள் இறந்தனர். வெளியேறும் வழியில் 'மூஸ்கே' என்ற பிரெஞ்சுக் கப்பலும் அதற்கு இரையாயிற்று. நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' அதன் கதையை முடித்தது.

எம்டனின் சிதைவிலிருந்து மெக்சிகோ வெள்ளி நாணயங்கள் மீட்கப்பட்டன. சிட்னி நகரின் நகைவணிகர் கெர் என்பவர் அவற்றுள் 1,000 நாணயங்களுக்கு மேலே கிரீடமும் வளையமும் பொருத்திப் பதக்கமாக்கினார். சிட்னிக் கப்பலின் மாலுமிகளுக்கு அவை அளிக்கப்பட்டன. நாணயத்தைச் சற்று உற்றுநோக்குங்கள். நீரிணைக் குடியேற்றங்கள் 1903இல் தமக்கென டாலர் வெளியிடும்வரை இங்கும் புழங்கிய நாணயம் அது. நாம் இன்றும் டாலரையும் ரிங்கிட்டையும் 'வெள்ளி' என்கிறோமே, அச்சொல்லின் வேர் இத்தகைய நாணயங்களில் இருக்கிறது. 'ரிங்கிட்' என்ற மலாய்ச் சொல்லுக்கே 'பற்கள் போன்ற விளிம்புடையது' என்று பொருள். தமிழர் உலோகத்தைப் பார்த்தனர். மலாய்க்காரர் விளிம்பைப் பார்த்தனர்.

அந்த நாணயப் பதக்கத்தில் இரு கப்பல்களின் பெயரும் போர் நிகழ்ந்த நாளும் உள்ளன. மனிதரின் பெயருக்கு இடமில்லை. ஆகவே, குடும்பத்தார் கைமாற்றியவுடன் அது யாருடையதென்று சொல்ல வழியில்லை. அதே மாலுமியின் 1914-15 விண்மீன் உடனிருந்தால் கதை வேறு. அதன் பின்புறத்துப் பெயரைக் கொண்டு, ஆஸ்திரேலியக் கடற்படையினராயின் கான்பெராவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பணியட்டைகளிலும், பிரிட்டனிலிருந்து இரவலாக வந்தவராயின் முன்சொன்ன கியூ ஏடுகளிலும் தேடலாம்.

எதிர்த்தரப்பிலோ வேறு நிலை. ஜெர்மானியரின் இரும்புச் சிலுவையில் பெறுநர் பெயர் பொறிக்கும் வழக்கமில்லை. ஆனால் எம்டனில் பிழைத்தவர்களுக்கு ஜெர்மன் அரசு அரிய உரிமை ஒன்றை வழங்கியது: தம் குடும்பப் பெயருடன் 'எம்டன்' என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம், அது வழிவழியாகவும் தொடரலாம். பிரிட்டிஷார் மனிதர் பெயரைப் பதக்கத்தில் எழுதினர். ஜெர்மானியர் கப்பலின் பெயரை மனிதர்மேல் எழுதினர். பெயராய்வில் ஈடுபட்ட எனக்கு இதைவிடச் சுவையான செய்தி வாய்த்ததில்லை.

எம்டனைப் பேசினால் செண்பகராமன் பிள்ளையைக் கேட்காமல் விடமாட்டீர்கள். அவர் அக்கப்பலில் வந்து சென்னையைத் தாக்கினார் என்பது நம்மிடையே பரவலான நம்பிக்கை. 1914 செப்டம்பரில் அவர் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கு ஆதரவான குழுவை அமைத்துக்கொண்டிருந்தார். விரைவில் பெர்லினுக்குச் சென்றார். அவருடைய உண்மையான பணியே பெரிது. வங்கக் கடலில் அவரை ஏற்றவேண்டிய தேவை இல்லை.

இரண்டாம் உலகப் போருக்கு வருவோம். பிரிட்டிஷ் அரசு அப்போரின் விண்மீன்களிலும் போர்ப் பதக்கத்திலும் பெயர் பொறிப்பதில்லை என்று முடிவுசெய்தது. ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் பொறித்தே கொடுத்தன. இதன் விளைவை நம் கடலிலேயே காணலாம். 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்குக் கிழக்கே 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' ஆகிய இரு கப்பல்களையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 840 பேர் இறந்தனர். பிழைத்த ஏறத்தாழ 2,000 பேர் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். பசிபிக் விண்மீனுக்குரிய காலம் டிசம்பர் 8 அன்றுதான் தொடங்கியது. இரண்டு நாள் பணிக்கு ஒரு விண்மீன். அதில் பெயரும் இல்லை. அது எந்தத் தாய்க்கு அனுப்பப்பட்டது என்பதைச் சொல்லக்கூடியது, அஞ்சலில் வந்த சிறு அட்டைப் பெட்டியின்மேலுள்ள முகவரிச் சீட்டு ஒன்றே. பதக்கத்தை எடுத்துக்கொண்டு பெட்டியைக் குப்பையில் எறிவோர் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ பழைய பதக்கம் இருந்தால் முதலில் பெட்டியைக் காப்பாற்றுங்கள்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் ஆங்கிலப் பெயர் தாங்கியோரைப் பற்றியவை. அவர்களைத் தேடுவது உழைப்பு. ஆனால் வழி உண்டு. நான் உண்மையில் சொல்ல வந்தது மற்றவர்களைப் பற்றி.

முதல் உலகப் போரில் ஆபத்தான கடற்பகுதிகளைக் கடந்து சென்ற வணிகக் கப்பலோட்டிகளுக்கென்று தனியே ஒரு வெண்கலப் பதக்கம் உண்டு. மொத்தம் 133,135 வழங்கப்பட்டன. அதன் நாடாவின் பச்சை, வெள்ளை, சிவப்பு நிறங்கள் இரவில் கப்பல் ஏற்றும் விளக்குகளைக் குறிப்பவை. அப்பதக்கத்தின் விளிம்பில் எண் இல்லை, பதவி இல்லை, கப்பலும் இல்லை. பெயர் மட்டுமே உண்டு. அப்பெயரும் தவறினால் மனிதர் தவறிவிடுவார்.

இக்கப்பல்களில் 'லஸ்கர்' எனப்பட்ட இந்தியக் கப்பலோட்டிகள் பெருந்திரளாகப் பணிசெய்தனர். பெரும்பாலோர் வங்காளம், கொங்கணம், பஞ்சாப், குஜராத் பகுதியினர். சோழமண்டலக் கரையினரும் இருந்தனர். லஸ்கர் என்பது பாரசீகச் சொல். படை என்பது அதன் பொருள். அவர்களின் தலைவர் செராங், அதுவும் பாரசீகம். அடுத்தவர் 'டிண்டல்' என்று ஆங்கில ஏடுகளில் எழுதப்படுபவர். நம் கரையில் தோணித் தலைவரைக் குறிக்கும் 'தண்டல்' என்ற சொல்லை அதில் கேட்கலாம். சுக்கான் பிடிப்பவர் 'சீக்கன்னி' ஆனார். ஆங்கிலேய எழுத்தரின் காது இவ்வாறு கேட்டது. பதவிப் பெயருக்கே இந்நிலையென்றால் ஆட்பெயரின் நிலையை எண்ணிப்பாருங்கள்.

தமிழ் எழுத்தில் ககரம் ஒன்றே. ஒலியோ இடத்துக்கேற்ப மாறும். உரோமன் எழுத்தில் எழுதும்போது எழுத்தர் கேட்டபடியெல்லாம் எழுதினார். 'பழனி' என்ற பெயரைப் 'பல்னி' என்பர், 'புல்னி' என்பர்; பழனி மலையையே புல்னி மலையென்று எழுதியவர்கள் அல்லவா? 'மாரி' எளிதில் 'மேரி' ஆவார். நமக்குத் தந்தை பெயர் முன்னே வரும். எழுத்தரோ இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயரென்று கொள்வார். ஆகவே மகன் பெயர் குடும்பப் பெயராகிவிடும். 'சாமி' என்ற ஈறு பிரிந்து தனிச்சொல்லாகி, ஒன்றுக்கொன்று உறவில்லாத நூறு பேர் ஒரே குடும்பத்தவர்போல் அகரவரிசையில் நிற்பர். ஊர்ப்பெயரும் உதவாது. நாகப்பட்டினம் 'நெகபட்டாம்', தரங்கம்பாடி 'டிராங்கிபார்', பரங்கிப்பேட்டை 'போர்ட்டோ நோவோ'. இவற்றைத் தமிழாக மீட்டெடுக்கத் தெரிந்தவர் பார்த்தாலன்றி, அந்த மனிதர் எந்தக் கரையைச் சேர்ந்தவர் என்றே தெரியாது.

அப்போரில் மடிந்த வணிகக் கப்பலோட்டிகளுள் ஏறத்தாழ 12,000 பேரின் பெயர்கள் லண்டன் டவர் ஹில் நினைவிடத்தில் உள்ளன. கடலையே கல்லறையாகக் கொண்ட இந்தியக் கப்பலோட்டிகள் 2,000க்கும் மேற்பட்டோர் பம்பாய் நினைவிடத்துக்குரிய பட்டியலில் உள்ளனர். இவற்றில் உள்ள பெயர்களைத் தமிழறிந்தோர் வரிக்கு வரி பார்த்தால் பயனுண்டு. 1915ஆம் ஆண்டின் கப்பல் பணியாளர் பட்டியல்களைத் தன்னார்வலர்கள் படியெடுத்து, எவரும் கணினியில் தேடும்படி வைத்துள்ளனர். நல்ல பணி, ஆயினும் படியெடுத்தவர்கள் நம் பெயர்களை அறியாதவர்கள். எழுத்தர் செய்த மாற்றத்தின்மேல் அவர்களின் வாசிப்பு மாற்றமும் ஏறியிருக்கிறது. ஒரு பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி, கிடைக்கவில்லை என்று விட்டுவிடலாகாது. எட்டுப் பத்து வடிவங்களை முன்கூட்டியே எழுதிக்கொண்டு தேடவேண்டும். இதற்கு வேண்டிய ஒலியியல் அறிவு மேல்நிலை வகுப்பு மாணவரிடமே உண்டு.

என்னிடமுள்ள வெண்கலப் பதக்கமொன்றின் விளிம்பில் இரண்டு சொற்கள். முதற்சொல் ஆறெழுத்து, இரண்டாவது ஐந்தெழுத்து. நான் எழுதிவைத்த வடிவங்கள் பதினொன்று. அவற்றால் மூவர் கிடைத்தனர். இருவருக்கு வயது பொருந்தவில்லை. மூன்றாமவர் சுக்கான் பிடித்தவர், வயது முப்பத்திரண்டு, ஊர் போர்ட்டோ நோவோ. பட்டியலில் பெரும்பாலோர் கீறல் குறியோ கைந்நாட்டோ இட்ட இடத்தில் இவர் தமிழில் கையொப்பமிட்டிருக்கிறார். எழுத்தர் இரண்டாகப் பிளந்ததை அவர் ஒரே சொல்லாக எழுதியிருக்கிறார். முன்னெழுத்துடன், மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல், பழைய ஐகார வடிவத்துடன். அப்பக்கத்தின் படியையும் பதக்கத்தையும் வாயிலருகே மேசையில் வைத்துள்ளேன். உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருக்கிறது. விளிம்பை முதலில் படித்துவிட்டு, பிறகு கையொப்பத்தைப் பாருங்கள். வினாக்கள் இருப்பின் இப்போது கேட்கலாம்.